பிரதம மந்திரியின் புதல்வர்

முதல் உலக யுத்தத்தின்போது, பிரிட்டனில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் 1916-ஆம் வருஷத் தொடக்கத்தில் நிறைவேறியது. அதைப் பார்லிமெண்டில் கொண்டுவந்த பிரதம மந்திரி ஆஸ்குவித், ஊரார் பிள்ளைகளை மட்டும் களத்துக்கு அனுப்பியவர் அல்லர். அவருடைய மூத்த புதல்வர் ரேமண்ட், சட்டம் பிறக்குமுன்பே, மனைவி மக்களைப் பிரிந்து, கிரெனடியர் கார்ட்ஸ் படையின் உத்தியோகஸ்தராக 1915-இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்திருந்தார்.

ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரி மாணவராயிருந்து பெரிய உபகாரச் சம்பளங்களை ஒவ்வொன்றாய் வென்று, ஆல் சோல்ஸ் கல்லூரியின் பெல்லோவாகி, 1904-இல் பாரிஸ்டருமான அவரை, தகப்பனாரையும் விஞ்சுவார் என்றே நண்பர்கள் எண்ணினார்கள். எதையும் பரிகசிக்கும் நாவுடைய அந்த மனிதருக்குப் போரைப் பற்றிய மயக்கம் கடுகளவும் இருந்ததில்லை. அப்படியிருந்தும், 1916-இல் தலைமை ராணுவக் காரியாலயத்தில் வாய்த்த பத்திரமான உத்தியோகத்தைச் சில மாதங்களிலேயே உதறிவிட்டு, தம் பட்டாளத்துக்கே திரும்பிப் போனார். வீரம் என்று இதைச் சொல்ல நமக்குத் தயக்கம். கூச்சம் என்றால் பொருந்தும்.

செப்டம்பர் 7-ஆம் தேதி, தந்தையை இன்ன நாற்சந்தியில் இத்தனை மணிக்குச் சந்திக்கவேண்டும் என்று அவருக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பெற்ற தகப்பனைப் பார்க்கவும் ராணுவத்தில் கட்டளை வேண்டியிருக்கிறது! குதிரையேறிப் போய் பிரிகூர் அருகே அவரைக் கண்டார். ஜெர்மானியக் குண்டுகள் பக்கத்தில் விழவே, சாம்ராஜ்யத்தின் பிரதம மந்திரி பதுங்கு குழியில் ஒதுங்க நேர்ந்தது.

எட்டாம் நாள், டாங்கி என்னும் இரும்பு யந்திரம் உலகில் முதன்முதலாகப் போருக்கு வந்த செப்டம்பர் 15-ஆம் தேதி, சோம் களத்தில் தம் ஆட்களை நடத்திச் சென்ற ரேமண்டின் மார்பில் குண்டு பாய்ந்தது. காயத்தின் கடுமையை அவர்கள் அறிந்து கலங்காதபடி அவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டார். சிகிச்சைக் கூடாரத்துக்குத் தூக்கிச் செல்லும் வழியிலேயே ஆவி பிரிந்தது. வயது முப்பத்தேழு. கில்மான் சாலை மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவ்வருஷ டிசம்பரில் ஆஸ்குவித் பதவி இழந்தார். பிற்பாடு, 1925-இல், அவருக்கு ஏர்ல் பட்டம் கிடைத்தது. 1928-இல் அவர் காலமானபோது அப்பட்டம், நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டி, தந்தை மாண்ட நாளில் ஐந்து மாதக் குழந்தையாயிருந்த பேரன் ஜூலியனைச் சேர்ந்தது.