நெடுந்தூரச் சுற்றுலாத் தடங்களில் ஒற்றை நடைவழி விமானங்கள்: பயணிகளின் எதிர்வினை

ஒற்றை நடைவழி விமானம் என்பது நடுவில் ஒரே நடைபாதையும் அதன் இருபுறமும் மும்மூன்று இருக்கைகளும் கொண்ட பயணிகள் விமானம். ஏர்பஸ் ஏ320, ஏ321, போயிங் 737 ஆகியவை இவ்வகை. ஓரிரண்டு மணி நேர உள்நாட்டுப் பயணத்தில் இவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான்கு மணி நேரத்தை ஒட்டியோ அதைத் தாண்டியோ போகும் சுற்றுலாத் தடங்களில் இதே விமானம் வரும்போதுதான் ‘இவ்வளவு தூரத்துக்கு இந்தச் சின்ன விமானமா?’ என்ற கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டுப் பயணிகளுக்குச் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, வளைகுடாத் தடங்களில் இது பழகிய கேள்வி.

எடுத்துக்காட்டாக, திருவள்ளூர் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் இல்லை. கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்களில் வேலை செய்பவர் வெளிநாடு போக, சென்னையை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து மீனம்பாக்கம் சேர வேண்டும். ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சாலையில் இரண்டு மணி நேரமும், புறப்பாட்டுக்கு முன் நிலையத்தில் மூன்று மணி நேரமும் போய்விடும். சிங்கப்பூர் போகும் விமானத்தில் இருப்பது நான்கு மணி நேரம்தான். ஆகவே இப்பகுதிப் பயணி விமானத்தின் அகலத்தைவிட அது நேராகப் போகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறார். கொழும்பிலோ கோலாலம்பூரிலோ இறங்கி இன்னொரு விமானத்துக்குக் காத்திருப்பதைவிட, கால் நீட்ட முடியாவிட்டாலும் ஒரே மூச்சில் போய்விடுவது அவருக்கு மேல்.

தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா அதே ஆண்டு டிசம்பரிலும் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் நுழைய அனுமதி தந்தபின், குடும்பச் சுற்றுலாக்களுக்கும் நிறுவனங்கள் தங்கள் முகவர்களை அழைத்துப்போகும் ‘டீலர் டூர்’களுக்கும் இத்தடங்கள் இன்னும் எளிதாயின. 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கிய சென்னை–பினாங்கு நேரடிச் சேவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முந்நூறு இருக்கை கொண்ட விமானத்தை நாள்தோறும் நிரப்புமளவுக்கு அங்கே ஆள் கிடைப்பது கடினம். நூற்றெண்பது இருக்கை என்றால் கணக்கு கூடிவரும். சிறிய விமானம் இல்லையென்றால் இத்தகைய நேரடித் தடமே கிடைக்காது. குறைசொல்லும் பயணிகள் பொதுவாக இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பழைய வழக்கம்

நெடுந்தூரம் என்றால் பெரிய விமானம் என்ற எதிர்பார்ப்புக்கு வயது அதிகமில்லை. ஏர் இந்தியா 1960இல் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பறக்கவிட்ட போயிங் 707, ஒற்றை நடைவழி விமானம்தான். இன்றைய 737இன் உட்புற அகலமும் 707இன் உட்புற அகலமும் ஒன்றே: ஏறக்குறைய 3.54 மீட்டர். 1971இல் அந்நிறுவனத்துக்கு 747 வந்தபின்தான் இரண்டு நடைபாதையும் மாடிப்படியும் வெளிநாட்டுப் பயணத்தின் அடையாளமாக மக்கள் மனதில் பதிந்தன. அந்தக் காலத்திலும் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சாதாரண மக்கள் போனது ரஜூலா, சிதம்பரம் ஆகிய கப்பல்களில், பல நாள் பயணமாக. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பற்றியதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது.

குறைகளும் உண்மைகளும்

பயணிகள் சொல்லும் முதல் குறை இருக்கை ஒடுக்கம். இதில் பாதிதான் உண்மை. ஏ320 குடும்பத்தில் சாதாரண வகுப்பு இருக்கையின் அகலம் வழக்கமாக 18 அங்குலம். வரிசைக்கு ஒன்பது இருக்கை போட்ட போயிங் 787இல் அது 17 அங்குலத்தை ஒட்டியே இருக்கிறது. அதாவது பெரிய விமானத்தில்தான் தோள் அதிகம் இடிபடும். நடு இருக்கையில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் இரண்டிலும் ஒன்றே, மூன்றில் ஒன்று. இரண்டு, நான்கு, இரண்டு என்று இருக்கை வைத்த ஏ330 இதில் பயணிக்குச் சாதகம்: தம்பதிக்கு ஓரத்து இரண்டு, நால்வர் குடும்பத்துக்கு நடு நான்கு. ஒற்றை நடைவழி விமானத்தில் அதே குடும்பத்தில் மூவர் ஒரு பக்கமும் ஒருவர் எதிர்ப்பக்கமும் உட்கார நேர்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் அப்பா.

உண்மையான நெருக்கடி அகலத்தில் இல்லை, முன்பின் இடைவெளியிலும் நடைபாதையிலும் இருக்கிறது. மலிவுக் கட்டண நிறுவனங்கள் வரிசைகளை 28, 29 அங்குல இடைவெளியில் அடுக்குகின்றன. உணவு வண்டி வெளியே வந்துவிட்டால் அது திரும்பும்வரை நடைபாதை அடைபட்டது. கழிப்பறைக்குப் போக வேண்டியவர் காத்திருக்க வேண்டியதுதான். 180க்கும் மேற்பட்டோருக்கு மூன்று கழிப்பறைகள் என்ற ஏற்பாடு ஒன்றரை மணி நேர மதுரைப் பயணத்தில் உறுத்தாது. ஆறு மணி நேரத்தில், அதிலும் முதியவர்களும் குழந்தைகளும் நிறைந்த சுற்றுலாக் குழுவில், வரிசை கலைவதே இல்லை. காற்றழுத்தமும் ஒரு காரணம். 787இன் உள்ளே அழுத்தம் 6,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் வைக்கப்படுகிறது. ஒற்றை நடைவழி வகைகள் போன்ற அலுமினிய உடல் கொண்ட விமானங்களில் அது 8,000 அடி உயரத்துக்கு நிகராகலாம். இறங்கியபின் வரும் தலைபாரத்துக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

கால் வீக்கம், இரத்தம் உறைதல் பற்றிய அச்சத்தைச் சிறிய விமானத்தின் தலையில் கட்டுவது சரியல்ல. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணித்தால் சிரை இரத்த உறைவு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது. இது பேருந்துக்கும் ரயிலுக்கும் காருக்கும் பொருந்தும். ஒற்றை நடைபாதை எழுந்து நடப்பதைக் கடினமாக்குகிறது என்பதுதான் இங்கே வரும் வேறுபாடு.

இஸ்தான்புல் பாடம்

இந்தியாவில் நெடுந்தூர ஒற்றை நடைவழி விமானங்கள் பற்றிக் கடுமையான எதிர்வினை எழுந்தது டெல்லி–இஸ்தான்புல் தடத்தில். இண்டிகோ 2019 மார்ச்சில் ஏ320 நியோ குடும்ப விமானங்களைக் கொண்டு அதைத் தொடங்கியது. அப்போது பாகிஸ்தான் வான்வெளி மூடியிருந்ததால் தோஹாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது. வான்வெளி திறந்தபின்னும் சிக்கல் தீரவில்லை. மேற்கே போகும்போது எதிர்க்காற்று வலுத்தால் கூடுதல் எரிபொருள் வேண்டும். எடை வரம்புக்குள் நிற்க வேறெதையாவது குறைக்க வேண்டும். 2019 செப்டம்பரில் ஒரு விமானம் பயணிகளின் பெட்டிகள் அனைத்தையும் டெல்லியிலேயே விட்டுவிட்டுப் போய் இறங்கியது. பெட்டிக்காகக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு மன்னிப்புத் தாள். செய்தி நாடெங்கும் பரவியது. 2023இல் அதே தடத்துக்கு 500க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட போயிங் 777ஐத் துருக்கி நிறுவனத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்தது இண்டிகோ.

அமெரிக்க யுனைடெட் நிறுவனமும் 2011–12 குளிர்காலத்தில் இதையே சந்தித்தது. ஐரோப்பாவிலிருந்து திரும்பிய அதன் ஒற்றை நடைவழி போயிங் 757 விமானங்கள் எதிர்க்காற்றில் எரிபொருள் போதாமல் கனடாவில் இறங்கி நிரப்பிச் சென்றன.

சென்னை, திருச்சித் தடங்களில் பெட்டி என்பது தனி விஷயம். சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்களில் சுற்றுலாப் பயணிகளோடு, கட்டணத்துக்குச் சரக்கு சுமந்து வரும் ‘குருவி’களும் இருப்பது ஊரறிந்தது. ஒடுங்கிய இருக்கையைப் பொறுத்துக்கொள்பவர் பெட்டி வராததைப் பொறுக்கமாட்டார்.

சிறிய விமானம் என்றாலே வசதிக் குறைவு என்பதற்கு மாறான சான்றுகளும் உள்ளன. ஜப்பானின் ஏஎன்ஏ நிறுவனம் 2007இல் டோக்கியோ–மும்பைத் தடத்தில் மிகக் குறைந்த இருக்கைகளோடு 737–700ஈஆர் விமானத்தை விட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் 737–8 விமானங்களில் உயர்வகுப்புக்குப் படுக்கையாக விரியும் இருக்கையும், சாதாரண வகுப்பில் ஒவ்வொரு இருக்கையின் முதுகிலும் திரையும் வைத்திருக்கிறது. ஆக, பயணிகள் விமானத்தின் சுற்றளவை வெறுக்கிறார்கள் என்பதைவிட, உள்ளூர் விமானத்துக்குரிய ஏற்பாட்டை வெளியூருக்கும் அப்படியே நீட்டியதை வெறுக்கிறார்கள் என்பதே பொருந்தும்.

இனி வரும் தடங்கள்

ஏ321எக்ஸ்எல்ஆர் என்ற புதிய வகை 8,700 கிலோமீட்டர்வரை பறக்கும் என்கிறது ஏர்பஸ். ஐபீரியா நிறுவனம் 2024 நவம்பரில் மாட்ரிட்–பாஸ்டன் தடத்தில் இதை முதன்முதலாக வணிகச் சேவைக்குக் கொண்டுவந்தது. இண்டிகோ இதை மும்பை, டெல்லியிலிருந்து ஏதென்ஸ் செல்லும் தடங்களுக்கு அறிவித்தது. சென்னையை மையமாக வைத்து அந்தத் தூரத்துக்கு வட்டம் போட்டால் ஏதென்ஸும் டோக்கியோவும் எளிதாக உள்ளே வரும். லண்டன் விளிம்பருகே நிற்கும். ஆனால் வட்டம் காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. இதற்கிடையே காஞ்சிபுரம் மாவட்டப் பரந்தூரில் சென்னையின் இரண்டாம் விமான நிலையத்துக்கு ஒன்றிய அரசு 2025இல் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது; அங்குள்ள ஏகனாபுரம் கிராம மக்கள் 2022 முதல் அதை எதிர்த்து வருகிறார்கள். அது கட்டப்பட்டால் திருவள்ளூர் நகரப் பயணிக்குச் சாலைப் பயணம் குறையலாம். கும்மிடிப்பூண்டிக்காரருக்குப் பெரிய மாற்றம் இராது.