எட்டு வயதுப் பையன்

வயிறு வலிக்கிறது என்று குழந்தை அழுதால் நாம் என்ன செய்வோம்? 'கண்டதையும் தின்னிருப்பே!' என்று ஒரு அதட்டல், கொஞ்சம் ஓம வாட்டர். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். ஆனால், ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் சுமார் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு விஷயம் வேறு. உள்ளே, குடலை முதுகுப்புறத்தோடு பிணைத்திருக்கும் சவ்வில், ஒரு நீர்க்கட்டி சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும்!

இதை முதலில் பார்த்தவர் யார் தெரியுமா? இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்து டாக்டர் அன்டோனியோ பெனிவியேனி. நோயாளி இறந்துவிட்டால் 'விதி' என்று விட்டுவிட அவருக்கு மனசு வராது. உறவினர்களிடம் அனுமதி கேட்டு, உடலைத் திறந்து காரணம் தேடுவார். அப்படித்தான் எட்டு வயதுப் பையன் ஒருவனின் வயிற்றில் அந்தக் கட்டியைக் கண்டார். 1502-ல் பெனிவியேனி இறந்துபோக, அவருடைய குறிப்புகளை 1507-ல் தம்பி ஜிரோலமோ புத்தகமாக வெளியிட்டார்.

சரி, நோய் தெரிந்துவிட்டது. வைத்தியம்? அங்கேதான் சிக்கல். மயக்க மருந்து இல்லாமல், சீழ் பிடிக்காமல் தடுக்க வழி தெரியாமல், வயிற்றைக் கிழிப்பது கிட்டத்தட்ட மரண தண்டனை! 1846-ல் ஈதர் வந்தது. 1867-ல் லிஸ்டர் கிருமிநாசினி முறையை அறிவித்தார். 1880-ல்தான் பாரீஸில் டில்லோ என்ற சர்ஜன் இப்படியொரு கட்டியை வெற்றிகரமாக வெட்டியெடுத்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள்... புத்தகம் வந்து 373 வருடங்கள்!

இந்தக் கட்டியைக் கையால் தள்ளினால் பக்கவாட்டில் சுலபமாக நகரும், மேலும் கீழும் அவ்வளவாக நகராது. இந்த அடையாளத்துக்கே டில்லோவின் பெயர்தான். ஆனாலும், திறக்காமலேயே உள்ளே பார்க்க இன்னொருவர் வரவேண்டியிருந்தது. கிளாஸ்கோ டாக்டர் அயன் டொனால்ட், உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் மெஷினின் தத்துவத்தை மனித வயிற்றுக்குக் கொண்டுவந்தார். 'புற்றுநோய், ஒன்றும் செய்வதற்கில்லை' என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணை அவர் ஸ்கேன் செய்ய, அது வெறும் சினைப்பை நீர்க்கட்டி! ஆபரேஷன் நடந்தது, அவர் பிழைத்தார். 1958-ல் இதெல்லாம் 'லான்செட்' பத்திரிகையில் வெளியானது.

இன்று குழந்தையின் வயிற்றில் ஜெல் தடவி, சில நிமிடங்களில் கட்டியைப் பார்த்துவிடுகிறார்கள். சர்ஜன் அதை முழுசாக எடுக்கிறார். குடலோடு ஒட்டியிருந்தால், அந்தத் துண்டுக் குடலையும் சேர்த்து எடுத்துத் தைத்துவிடுகிறார். கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் திரும்ப வளரக்கூடும் என்பதால்தான் அப்படி. முழுசாக எடுத்துவிட்டால், பெரும்பாலும் அதோடு கதை முடிந்தது. குழந்தை பழையபடி ஓடியாடலாம்.

அடுத்த முறை ஸ்கேன் அறை வாசலில் காத்திருக்கும்போது, ஃப்ளாரன்ஸின் அந்த எட்டு வயதுப் பையனைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு உதவாத வைத்தியம், அவனிடமிருந்துதான் தொடங்கியது!