கவசம் தைத்தவர் யார்?

சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கதாநாயகனுக்குக் கவசம் வேண்டுமா? பேனாவைத் திறந்தால் போதும். காலைக் கதிரில் கவசம் தகதகவென்று மின்னியது என்று ஒரு வரி எழுதிவிடலாம். அதன் எடை என்ன, அதைப் போட்டுக்கொண்டு குனிய முடியுமா, சித்திரை வெயிலில் உள்ளே இருப்பவன் கதி என்ன என்றெல்லாம் வாசகர்கள் கேட்பதில்லை. அவர்கள் நல்லவர்கள். நானும் இத்தனை வருஷங்களில் எத்தனையோ கவசங்களை எழுதியிருக்கிறேன். ஒன்றையாவது செய்து பார்த்தேனா என்றால், இல்லை.

செய்து பார்க்கும்படி நேர்ந்தது என் மருமானால். அக்காள் மகன், இங்கிலாந்தில் படிக்கிறான். அங்கே ஒரு விளையாட்டு உண்டாம். மாணவர்களும் உத்தியோகஸ்தர்களும் விடுமுறை நாளில் காட்டிலோ பழைய கோட்டையிலோ கூடுவார்கள். ஆளுக்கு ஒரு வேஷம் தரித்து, அந்த வேஷத்துக்கு உரியவராகவே பேசி, பஞ்சு சுற்றிய வாளால் போர் செய்து, இரண்டு நாள் வாழ்ந்துவிட்டுத் திரும்புவார்கள். 1982ல் அந்நாட்டில் பெக்ஃபர்ட்டன் கோட்டையில் ஒரு குழுவினர் இதை ஆரம்பித்தார்களாம். பார்வையாளர் என்று தனியாக யாரும் கிடையாது. வந்தவர் அத்தனை பேரும் நடிகர்களே.

"இது என்னடா புதுமை?" என்றேன். எங்கள் கள்ளக்குறிச்சிச் சீமையில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் ஊரே குருக்ஷேத்திரம் ஆகிவிடும். மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைப் பீமன் வந்து அடித்து வீழ்த்துவான். கூத்தாடுகிறவர்கள் இலேசான கல்யாண முருங்கை மரத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்து அணிந்து வருவார்கள். கூவாகத்தில் சித்திரை மாதத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர் மறுநாள் அந்தத் தாலியை அறுத்துக் கதறும்போது, அது நடிப்பு என்று யார் சொல்ல முடியும்? அது விளையாட்டல்ல, வழிபாடு. ஆனாலும் வேஷம் என்பது வேடிக்கை பார்ப்பதற்கு மட்டும் அல்ல என்பது நமக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயம்.

மருமான் சிரித்தான். "அங்கே எல்லாரும் ஐரோப்பிய வீரர்களாகத்தான் வருகிறார்கள், மாமா. நான் மலையமான் திருமுடிக்காரியின் போர்வீரனாகப் போகப்போகிறேன். அவன் என்ன கவசம் போட்டிருப்பான்?"

மலையமான் நமக்கு அந்நியன் அல்லவே. தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூரில் இருந்து ஆண்டவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். கொல்லிமலை ஓரியைக் கொன்று அந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தவன். கபிலர் பாடிய பெருமை அவனுக்கு உண்டு. "இரும்புக் கவசம்தான், சந்தேகம் என்ன?" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிற்பாடு சந்தேகம் வந்தது. புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். இரவு வெகுநேரம் ஆகியும் நான் தேடிய இரும்பு கிடைக்கவில்லை. தோல்தான் திரும்பத் திரும்ப வந்தது.

புறநானூற்றின் 13ஆம் பாட்டுக்கு ஒரு கதை சொல்லுவார்கள். சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி ஏறிவந்த யானைக்கு மதம் பிடித்து, அது பகைவனுடைய கருவூருக்குள் புகுந்துவிட்டது. மாடத்தில் சேரனோடு இருந்த ஏணிச்சேரி முடமோசியார் அதைப் பார்த்து, இவன் தீங்கின்றித் திரும்பட்டும் என்று பாடினார். அந்தச் சோழன் மார்பில் அம்புகள் கிழித்த கவசம் ஒன்று இருந்தது. அது புலித்தோலால் ஆனது என்கிறார் பழைய உரைகாரர். முடியுடை வேந்தன் நிலைமையே இது!

இன்னும் கேளுங்கள். பழந்தமிழில் கேடயத்துக்குப் பெயரே தோல் என்பதுதான். தொல்காப்பியர் மதில் முற்றுகையைப் பற்றிச் சொல்லும்போது அந்தப் பொருளில்தான் அதை வழங்குகிறார். பிரெஞ்சுக்காரர்கள் மார்புக் கவசத்துக்குச் சொல்லும் சொல்லும் தோல் என்னும் சொல்லிலிருந்தே பிறந்தது. பிற்காலத்தில் அவர்கள் இரும்பில் செய்தார்கள். பெயர் மட்டும் தோலாகவே நின்றுவிட்டது.

சாதாரண வீரனுக்கு அதுவாவது இருந்ததா? தென்பெண்ணைக்கு வடக்கே செங்கம் பக்கத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். ஆநிரை மீட்கப் போய் மாண்டவர்களின் உருவங்கள் அவற்றில் உண்டு. கையில் வில், குறுவாள், சிறு கேடயம். மார்பு பெரும்பாலும் வெற்று மார்பு. நான் எழுதிய இரும்புப் பட்டாளத்தில் பாதிப் பேரையாவது மேலாடை இல்லாமல் நிறுத்தியிருக்க வேண்டும்!

"அப்படியானால் தோலிலேயே செய்துவிடுவோம்" என்றான் மருமான். இருவருக்கும் அந்த வேலையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. அட்டையில் அளவு வெட்டி, கடைத்தெருவில் ஒரு பெரிய தோல் வாங்கி, வெட்டித் தைத்தோம். மூன்று நாள் பாடுபட்டதன் பலனாகக் கவசம் தயாராயிற்று. அதை அவன் அணிந்து நின்றபோது அக்காள், "மளிகைக்கடைப் பை மாதிரி இருக்கிறதே" என்றாள். உண்மைதான். அது தொளதொளவென்று தொங்கியது.

அந்தத் தோலைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் செருப்பும் பறைத்தோலும் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் போனோம். அவர் விரலால் மடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"இது குரோம் தோலுங்க ஐயா. எத்தனை கொதிக்க வெச்சாலும் விறைக்காது. உங்களுக்கு வேணுங்கிறது பட்டைத் தோல்."

ஒரு வாக்கியத்தில் எங்கள் மூன்று நாள் மூடத்தனம் தெளிந்தது. குரோம் உப்பினால் தோல் பதனிடும் முறையை இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் சென்னையில் புகுத்தியவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி. அதற்கு முன்னெல்லாம் நம் நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். தரிசிலே பூத்துக் கிடக்கும் ஆவாரையின் பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காய் நீரில் முடித்த தென்னாட்டுத் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் ஏறி லண்டன் சந்தைக்குப் போயிற்று. கடுக்காய்க்கு எங்கள் ஊர்க்காரர்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. மலையாளிகள் என்று பெயர் பெற்ற அந்த மலைக்குடிகள் கடுக்காய் பொறுக்கி மூட்டை கட்டிக் கச்சிராயபாளையம் வழியாகத் தலைச்சுமையாக இறக்குவார்கள் என்று தம் பாட்டனார் சொன்னதைப் பெரியவர் சொன்னார்.

பட்டைத் தோலில் எருமைத்தோலாகப் பார்த்து அவரே வாங்கிக் கொடுத்தார். அதை வெந்நீரில் முக்கினால் இறுகும் என்று மருமான் படித்திருந்தான். ஆகவே வீட்டில் அண்டாவில் நீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஒரு துண்டைப் போட்டோம். எண்ணெயில் விழுந்த அப்பளத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதைப்போலச் சுருண்டு, ஆறியதும் ஒடிந்தது. பட்டைத் தோல் 80 டிகிரி வாக்கிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். கொதி வரக்கூடாது; கை பொறுக்காத சூடு போதும்; சிறிது நேரம் முக்கி எடுத்து, பானையின் மேல் கவிழ்த்து, இழுத்துக் கட்டி, நிழலில் காயவிட வேண்டும். இதைப் பெரியவர் சொல்லித் தந்தார். இரண்டாம் நாள் தட்டிப் பார்த்தபோது பலகைபோல ஓசை கேட்டது. அந்த ஓசையில் எனக்கு உண்டான சந்தோஷம் என் முதல் கதை அச்சில் வந்தபோதுகூட உண்டானதில்லை.

பிறகு தையல். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலை இரண்டு பக்கமும் கோத்து இழுக்க வேண்டும். நான் ஒரு சாண் தைப்பதற்குள் விரல் கிழிந்தது. அவர் கையில் ஊசி பறந்தது. எனக்குப் புறநானூற்றின் 82ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது.

ஆமூர் மல்லனோடு போர்வைக் கோப்பெருநற்கிள்ளி செய்த மற்போரின் வேகத்தைச் சொல்ல வந்த சாத்தந்தையாருக்கு மின்னல் உவமையாகப் படவில்லை, புயல் படவில்லை. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேதனை, வெளியே மழை, பொழுதோ சாய்கிறது என்ற நிலையில், தோல்வாரால் கட்டில் பின்னுகிற ஒரு தொழிலாளியின் ஊசிதான் பட்டது. எத்தகைய உவமை! ஆனால் அந்தத் தொழிலாளியை அவர் குறிக்கும் சொல் "இழிசினன்" என்பது. அரசன் பெயர் நமக்குத் தெரியும். தோற்ற மல்லனின் ஊர் தெரியும். ஊசி பிடித்தவன் பெயர் தெரியாது.

பெயரை மறக்கிற ஜாதியா நாம்? காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது; ஓரியின் குதிரைக்கு ஓரி என்று பெயர். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாண்ட வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கி, கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். குதிரைக்கு இடம் இருந்தது. நாய்க்கு இடம் இருந்தது. அம்பு உள்ளே போகாமல் இருக்கும்படி தைத்தவனுக்கு ஒரு விரற்கடை இடம் கிடைக்கவில்லை. பழையவர்களைக் குறை சொல்வானேன்? என் நாவல்களிலும் குதிரைகளுக்கு அழகான பெயர்கள் வைத்திருக்கிறேன். கவசம் தைக்கிறவன் என்று ஒருவனை நான் படைத்ததே இல்லை.

கவசம் முடிந்தது. மருமான் கூலியைக் கையில் கொடுத்து, "பெரியவரே, உள்பக்கம் உங்கள் பெயரை எழுதிக்கொடுங்கள்" என்றான்.

"செருப்பிலே தைச்சவன் பேரை யாருங்க போடறாங்க?" என்று சிரித்தார். ஆனாலும் மறுக்கவில்லை. சூட்டுக்கோலை வாங்கித் தாமே நிதானமாக எழுதினார். முன்னெழுத்து, பெயர், ஊர்.

நான் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொல்லி, பத்திரிகையிலும் அவர் பெயரைப் போடப்போவதாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அது மட்டும் வேண்டாங்க ஐயா. பேத்தி வெளியூர்லே வேலை பார்க்குது. வாடகைக்கு வீடு கேட்டப்போ, தாத்தா என்ன பண்றார்னு விசாரிச்சாங்களாம். விவசாயம்னு சொல்லியிருக்குது. அதை நான் கெடுக்கலாமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் மீதித் தோலைச் சுருட்டி வைத்துவிட்டு, காத்திருந்த ஒருவரின் செருப்பை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கவசம் இப்போது இங்கிலாந்தில் இருக்கிறது. அதன் உள்பக்கத்தில் ஒரு தமிழர் பெயர் தமிழ் எழுத்தில் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் அங்கே என் மருமான் ஒருவன்தான். படிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானவர்கள் இருக்கும் இந்த ஊரில், இந்தப் பக்கத்தில் அந்தப் பெயர் இல்லை. சாத்தந்தையார் பாட்டோடு என் கட்டுரையும் சேர்ந்துகொண்டது.

அடுத்த நாவலை ஆரம்பித்திருக்கிறேன். அதில் குதிரைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கவசம் தைக்கிறவருக்கு முதல் அத்தியாயத்திலேயே வைத்துவிட்டேன்.