பெர்ப்பினியோனிலிருந்து நீம் வரை: ஓர் அப்துல் காதரின் பாதை



ஜூலை மாதம் வந்தால் நமது பிள்ளைகளின் கைபேசிகளில் பிரான்ஸ் நாட்டுக் கிராமங்கள் ஓடத் தொடங்கிவிடும். சூரியகாந்தித் தோட்டங்கள், பழைய கல்வீடுகள், இருபுறமும் மரம் நிற்கும் ஒடுங்கிய பாதைகள், அவற்றின் நடுவே வண்ணச் சட்டை போட்ட சைக்கிள்காரர்கள். டூர் டி பிரான்ஸ் ஓட்டம். மூன்று வாரம், தினமும் ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ கொழும்பிலிருந்து அநுராதபுரம் போகிற அளவு தூரம். பார்க்கிறவர்களுக்கு அது ஓட்டமும்தான், ஒரு நாட்டை ஊர் ஊராகச் சுற்றிக் காட்டும் படமும்தான்.

அந்த ஓட்டத்தின் வரலாற்றில் நமக்குப் பழக்கமான பெயருள்ள ஒருவர் இருக்கிறார். அப்துல் காதர் ஸாஃப். 1917இல் அல்ஜீரியாவின் ஷெப்லி என்ற ஊரில் பிறந்தவர். சைக்கிள் ஓட்டத்தின் பழைய கதைகளைச் சொல்லும் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அவர் வருவார். ஆனால் எப்படி வருகிறார் என்பதுதான் விஷயம். வைன் குடித்து மயங்கி மரத்தடியில் தூங்கிய முஸ்லிம் என்று வருகிறார். சிரிப்பதற்கான பக்கத்தில் வருகிறார்.

அவர் விழுந்த பாதையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பாதை தெரியாவிட்டால் கதையும் சரியாக விளங்காது.

பிரான்ஸின் தெற்கே, ஸ்பெயின் எல்லைக்குக் கிட்ட பெர்ப்பினியோன் இருக்கிறது. அங்கிருந்து வடகிழக்காக நார்பொன், பெசியே, மொன்பெல்லியே ஊர்களின் பக்கமாக நீம் நகரத்துக்குப் போகிறது அந்தப் பாதை. ஒரு பக்கம் மத்தியதரைக் கடல், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை திராட்சைக் கொடி. இது நேற்றுப் போட்ட பாதையல்ல. கி.மு. 118இல் உரோமர்கள் இத்தாலியிலிருந்து ஸ்பெயினுக்குப் போக அமைத்த தொமித்தியா பெருவழி ஏறத்தாழ இதே தடத்தில்தான் போனது. கி.பி. 719 அளவில் அந்தலுஸின் ஆளுநர் அஸ்ஸம்ஹ் இப்னு மாலிக்கின் படை பிரெனே மலையைத் தாண்டி வந்து நார்பொன்னைப் பிடித்தது. 759 வரை, கிட்டத்தட்ட நாற்பது வருடம் அந்த நகரம் முஸ்லிம்களின் கையில் இருந்தது. 725இல் அவர்கள் நீம் வரைக்கும் போனார்கள்.

அதற்கு மண்ணுக்குள்ளேயே சாட்சி கிடைத்திருக்கிறது. நீம் நகரில் தோண்டியபோது மூன்று கபுறுகள் வெளிப்பட்டன. மூன்று மையித்தும் வலப்பக்கமாகச் சரித்து, கிப்லாவை நோக்கி வைக்கப்பட்டிருந்தன. காலக்கணிப்பு 7ஆம் நூற்றாண்டுக்கும் 9ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்றது. மரபணுவைப் பார்த்ததில், தந்தை வழியில் அவர்கள் வட ஆபிரிக்க மக்கள் என்று தெரியவந்தது. 2016இல் அந்த ஆய்வு வெளியானது. பிரான்ஸில் இதுவரை தெரியவந்த மிகப் பழைய முஸ்லிம் கபுறுகள் அவைதாம் என்கிறார்கள். ஆக, வட ஆபிரிக்காவிலிருந்து ஒருவர் இந்தப் பக்கம் வந்தது 1950இல்தான் முதல் தடவை நடந்த அதிசயம் ஒன்றுமில்லை.

டூர் ஓட்டம் இந்தப் பக்கத்துக்கு வந்தது ஆரம்பத்திலேயே. 1903இல் லோட்டோ என்ற விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கிய ஓட்டம் இது. ஆசிரியர் ஹென்ரி தெக்ராஞ். முதல் வருடம் ஆறே கட்டம், மொத்தம் 2,428 கிலோமீற்றர். இரவிலும் ஓடினார்கள். அடுத்த வருடமே நீம் நகரில் கலவரம். உள்ளூர்ப் பக்கத்து ஓட்டக்காரர் ஒருவரை நீக்கிவிட்டார்கள் என்று சனங்கள் வீதியை மறித்துக் கல்லெறிந்தார்கள். (ஆசிரியர்களுக்காக ஒரு தகவல்: இந்த ஓட்டம் பிறப்பதற்கு 26 வருடம் முன்பே, 1877இல், இரண்டு சிறுவர்கள் பிரான்ஸை ஊர் ஊராகச் சுற்றும் கதையொன்று பாடப்புத்தகமாக வெளிவந்து இலட்சக்கணக்கில் விற்றது. நாட்டை வகுப்பறையில் வைத்தே சுற்றிக் காட்டிய புத்தகம் அது. சைக்கிள்காரர்கள் அதை வீதியில் செய்தார்கள்.)

இனி 1950.

அப்போது அல்ஜீரியா பிரான்ஸின் ஆட்சியில் இருந்தது. பேச்சுக்கு அது பிரான்ஸின் ஒரு பகுதி. ஆனால் 1947 சட்டப்படி அங்கே வாக்காளர் இரண்டு பிரிவு. சுமார் பத்து இலட்சம் ஐரோப்பியருக்கு 60 ஆசனம், எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களுக்கும் அதே 60 ஆசனம். டூர் ஓட்டத்தில் அக்காலத்தில் கம்பெனி அணிகள் இல்லை, நாட்டு அணிகளும் பிராந்திய அணிகளும்தான். வட ஆபிரிக்கா என்ற பெயரில் ஒரு சிறிய அணி அந்த வருடம் வந்தது. ஸாஃப் அதில் ஒருவர். மார்செல் மொலினெஸ் என்ற இளைஞர் இன்னொருவர், அல்ஜீரியாவில் குடியேறிய ஐரோப்பியர் வழிவந்தவர்.

ஜூலை 27, 13ஆம் கட்டம், பெர்ப்பினியோனிலிருந்து நீம், 215 கிலோமீற்றர். கடும் வெயில். பெரிய ஓட்டக்காரர்களெல்லாம் வேகம் குறைத்து ஒன்றாகவே போனார்கள். இரண்டு நாளைக்கு முன்னர்தான், மலைப்பாதையில் பிரெஞ்சுப் பார்வையாளர்கள் மிரட்டினார்கள் என்று பார்த்தாலி தலைமையிலான இத்தாலியர்கள் அத்தனை பேரும் ஓட்டத்தை விட்டுப் போயிருந்தார்கள். அந்தச் சோர்வும் இருந்திருக்கும். ஸாஃபும் மொலினெஸும் முன்னால் பாய்ந்தார்கள். வெயிலென்றால் அவர்களுக்குப் புதிதா? பிடிப்பதற்கு ஒருவரும் அவசரப்படவில்லை. இடைவெளி கால் மணித்தியாலத்தையும் தாண்டியது.

நீம் நகரத்துக்குக் கொஞ்சத் தூரம் இருக்கையில் ஸாஃபின் சைக்கிள் வீதியில் இங்குமங்கும் ஆடத் தொடங்கியது. விழுந்தார். சனங்கள் தூக்கிப் பக்கத்து மரத்தடியில் சாய்த்தார்கள். அந்தத் தெற்குப் பாதைகளின் ஓரமெல்லாம் பிளாத்தான் மரங்கள், நிழலுக்காக நட்டவை. காலை நீட்டி மரத்தில் சாய்ந்து கிடக்கும் அவருடைய படம் அன்று எடுக்கப்பட்டதுதான். சற்று நேரத்தில் எழுந்தார், சைக்கிளில் ஏறினார், மிதித்தார். ஆனால் வந்த திசையை நோக்கி மிதித்தார். பிறகு அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். மொலினெஸ் தனியே போய் நீமில் வென்றார். ஆபிரிக்காவிலிருந்து வந்த ஒருவர் டூர் ஓட்டத்தில் ஒரு கட்டத்தை வென்றது அதுவே முதல் தடவை.

வைன் எங்கே வந்தது?

இதற்கு மூன்று கதை உண்டு. முதலாவது, எல்லோரும் சொல்வது: தாகத்தில் வீதியோரத்துத் தோட்டக்காரர் கொடுத்த போத்தலை வாங்கி ஒரே மடக்காகக் குடித்தார், அதில் வைன் இருந்தது, பழக்கமில்லாத முஸ்லிம் என்றபடியால் தலைக்கு ஏறிவிட்டது. இரண்டாவது, அவருக்காகப் பேசுகிறவர்கள் சொல்வது: அவர் குடிக்கவேயில்லை. வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தவரை எழுப்ப, கையில் தண்ணீர் இல்லாத சனங்கள் வைனை முகத்தில் ஊற்றினார்கள். பின்னால் வந்தவர்கள் வாசத்தைப் பிடித்துக் கதையைக் கட்டினார்கள். மூன்றாவது கதையில் வைனே இல்லை: அந்தக் காலத்தில் ஓட்டக்காரர்கள் தூக்கமும் களைப்பும் தெரியாமலிருக்கப் போட்ட அம்பெற்றமைன் மாத்திரை வெயிலோடு சேர்ந்து செய்த வேலை.

எது உண்மை? அன்று எந்த ஓட்டக்காரருக்கும் பரிசோதனை கிடையாது. பிரான்ஸில் ஊக்க மருந்துக்கு எதிரான சட்டமே 1965இல்தான் வந்தது, டூர் ஓட்டத்தில் முதல் பரிசோதனை 1966இல். மாத்திரையும் வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் கண்டது 1967இல், வோந்து மலைப்பாதையில் டொம் சிம்சன் என்ற ஆங்கிலேயர் விழுந்து இறந்தபோது. சிம்சனின் உடலில் அம்பெற்றமைனும் மதுவும் இரண்டும் இருந்தன. ஆனாலும் அவரை யாரும் குடிகாரர் என்று சொல்வதில்லை. அவர் விழுந்த இடத்தில் நினைவுக்கல் நிற்கிறது. போகிற சைக்கிள்காரர்கள் இறங்கி மரியாதை செய்கிறார்கள். செய்யட்டும், அதில் நமக்குக் குறையில்லை. ஸாஃபுக்குக் கிடைத்தது மட்டும் ஏன் பகிடி என்று கேட்கிறோம்.

ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் நம் எல்லோருக்கும் தெரியும். ஒருவரைப் பற்றி வரும் செய்தியை விசாரிக்காமல் எடுக்கக்கூடாது. எழுபது வருடத்துக்கு மேலாகியும் முதலாவது கதைதான் ஓடுகிறது, ஏனென்றால் அதுதான் சொல்வதற்கு ருசியானது. 'முஸ்லிம்' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள், கதையில் பாதி போய்விடும். வெயிலில் ஒரு மனிதன் மயங்கி விழுந்தான் என்பது மட்டும் மிஞ்சும். அதற்கு யார் சிரிப்பார்கள்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் பாதையோரத்துத் திராட்சைக் கொடிகளை 1860களிலிருந்து பிலொக்செரா என்ற பூச்சி அழித்தது. முதலில் கண்டதே நீம் இருக்கும் கார் மாவட்டப் பக்கம்தான். கொடி போன பல தோட்டக்காரர்கள் கடல் தாண்டி அல்ஜீரியாவுக்குப் போய், அங்கே கைப்பற்றப்பட்ட நிலங்களில் கொடி நட்டார்கள். ஸாஃப் பிறந்த ஷெப்லி இருக்கும் மிதிஜா சமவெளியும் அப்படிக் குடியேறிகளின் கைக்குப் போன நிலந்தான். மது ஹராமான ஒரு சமூகத்தின் மண், உலகிலேயே ஆகக்கூடுதலாக வைன் ஏற்றுமதி செய்யும் இடமாக மாற்றப்பட்டது. பிறகு அந்த மலிவு வைன் பிரான்ஸுக்கு வந்து தெற்கத்தித் தோட்டக்காரரின் வயிற்றில் அடித்தது. 1907இல் நார்பொன், பெசியே, மொன்பெல்லியே என்று இதே பாதை ஊர்களில் இலட்சக்கணக்கில் கூடி அவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். நார்பொன்னில் இராணுவம் சுட்டு ஆட்கள் செத்தார்கள். அவ்வளவு வைன் வரலாறு நிறைந்த ஒரு பாதையில், வைனுக்குப் பெயர்போனவராக ஆனது மிதிஜாவிலிருந்து வந்த அப்துல் காதர்!

அடுத்த நாள், ஜூலை 28, நீமிலிருந்து தூலோன் கட்டம். அதை வென்றவரும் வட ஆபிரிக்க அணிக்காரரே, மொரோக்கோவைச் சேர்ந்த குஸ்தோதியோ தோஸ் ரெயிஸ். ஒரு சின்ன அணி, அடுத்தடுத்து இரண்டு நாள், இரண்டு வெற்றி. அந்த வருடம் ஓட்டத்தை வென்ற சுவிற்சர்லாந்துக்காரர் குப்ளரைத் தவிர்த்து 1950ஐப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றால் மரத்தடிதான் வரும், இந்த இரண்டு வெற்றியும் வராது.

ஸாஃபுக்கு அந்தக் கதையால் வருமானமும் வந்தது, அதையும் மறைக்கத் தேவையில்லை. டூர் முடிந்ததும் ஊர் ஊராக நடக்கும் சின்ன ஓட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஆட்களைக் காசு கொடுத்து அழைப்பார்கள். ஸாஃபைப் பார்க்கச் சனம் வரும் என்று அழைத்தார்கள். அவரும் போனார், சிரித்தார், சிரிக்க வைத்தார். வறிய நாட்டிலிருந்து வந்து மிதித்துப் பிழைத்த ஒருவர் வேறென்ன செய்வார்?

1951இல் மறுபடி வந்தார். இந்த வருடத்தைத்தான் நமது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 16ஆம் கட்டம், கார்க்கசோனிலிருந்து மொன்பெல்லியே, அதே தெற்கத்தித் திராட்சை நாடு, அதே வெயில். ஆரம்பத்திலேயே முன்னால் பாய்ந்தார் ஸாஃப். அந்த வருடம் வெல்லப்போகும் ஹூகோ கோப்லெட் உட்படச் சிலர் பின்னால் ஓடினார்கள். அந்தக் காலத்தின் ஆகப்பெரிய ஓட்டக்காரர் ஃபௌஸ்தோ கொப்பியால் முடியவில்லை. சில வாரத்துக்கு முன்னர்தான் ஓட்டமொன்றில் விழுந்து அவருடைய தம்பி இறந்திருந்தார். உடம்பும் மனமும் உடைந்த நிலையில் கொப்பி அன்று 33 நிமிடத்துக்கு மேல் பின்தங்கினார். கட்டத்தை வென்றவர் கோப்லெட். கொப்பியின் அந்த வருடத்து ஓட்டம் அந்தப் பாதையிலேயே முடிந்த மாதிரித்தான்.

பரிஸ் வந்து சேர்ந்தபோது ஸாஃப் 66ஆவது, கடைசி ஆள். கடைசியில் வருகிறவரைப் பிரெஞ்சில் சிவப்பு லாம்பு என்பார்கள், ரயிலின் பின்பெட்டியில் தொங்கும் லாம்பைப் போல. அந்த வருடம் புறப்பட்டவர்கள் 123 பேர். மலையிலும் வெயிலிலும் பாதியளவு பேர் விட்டுப் போயிருந்தார்கள். ஸாஃப் விட்டுப் போகவில்லை.