தோரியம்: இருமுறை பெயர் பெற்ற உலோகம்

யுரேனியம், ரேடியம் என்னும் பெயர்களை அறிந்த அளவிற்குத் தோரியம் என்னும் பெயரை நம்மவர் அறியார். ஆயினும், முற்காலத்தில் இரவுக் கடைகளிலும் தோட்டத்துத் திருவிழாக்களிலும் வெள்ளொளி பரப்பிய காஸ் விளக்கின் மாண்டிலில் இருந்தது இவ்வுலோகமே. குமரி மாவட்டத்துக் கடற்கரை மணலிலும், மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்கள் கழித்துவிட்ட 'அமாங்' மணலிலும் கலந்து கிடப்பதும் இதுவே. தோரியத்தின் வரலாறு வெறும் கண்டுபிடிப்பு வரலாறு அன்று. அறிஞர் தாம் உறுதியெனக் கொண்டதை மும்முறை திருத்திக்கொள்ள நேர்ந்த வரலாறும் ஆகும்.

அதன் இயல்புகள்

தோரியம் புதிதாக வெட்டிய நிலையில் வெள்ளியைப் போல் ஒளிரும். காற்றுப்பட்டு நாளடைவில் மங்கிக் கறுக்கும். மென்மையான உலோகம், தகடாக அடிக்கலாம், கம்பியாக நீட்டலாம். நீரைப் போல் 11.7 மடங்கு எடையுள்ளது. அதாவது காரீயத்தினும் சற்றே கனமானது. உருகுவதற்கு ஏறத்தாழ 1750 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். அதன் ஆக்ஸைடோ 3300 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே உருகும். ஆக்ஸைடுகள் யாவற்றுள்ளும் இதனை விஞ்சியது இல்லை.

மூலகங்களின் வரிசையில் இதன் அணு எண் 90. பூமியின் மேலோட்டில் யுரேனியத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாக உள்ளது. இது கதிரியக்கம் உடையது. ஆனால் மிக மெதுவாகச் சிதைவது. ஒரு குறிப்பிட்ட அளவு தோரியத்தில் சரிபாதி சிதைவதற்கு 1400 கோடி ஆண்டுகள் ஆகும். பூமி தோன்றி ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே, பூமி உருவானபோது இருந்த தோரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் சிதையாமல் நம் காலடியில் இருக்கிறது எனலாம்.

பெயர் முந்தியது, பொருள் பிந்தியது

சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் பெர்சீலியஸ் தம் காலத்தில் ஒப்பாரும் மிக்காரும் இன்றி விளங்கியவர். 1815ஆம் ஆண்டில் அவர் ஒரு கனிமத்தை ஆராய்ந்து, அதில் புதியதொரு மூலகம் உள்ளது என்று முடிவு செய்தார். வடபுலத்து மக்கள் பண்டைக்காலத்தில் வணங்கிய இடித்தெய்வம் தோர் என்பது. நம் நாட்டு இந்திரனுக்கு வச்சிரம் போல் அத்தெய்வத்திற்குச் சம்மட்டி படைக்கலம். அத்தெய்வத்தின் பெயரையே பெர்சீலியஸ் புதிய மூலகத்திற்குச் சூட்டினார்.

பத்து ஆண்டுகள் கழிந்தன. அப்பொருளை அவரே மீண்டும் சோதித்தபோது, அது முன்னரே அறியப்பட்ட யிட்ரியத்தின் பாஸ்பேட்டு என்பது புலனாயிற்று. பிறர் எடுத்துக்காட்டும்வரை காத்திராமல், 1825இல் தம் முடிவைத் தாமே மறுத்தார். பெயர் இருந்தது, அதற்குரிய பொருள் இல்லாமற் போயிற்று!

பின்னர், நார்வே நாட்டில் பிரேவிக் என்னும் ஊருக்கு அருகிலுள்ள ஒரு தீவில் மார்ட்டன் திரேன் எஸ்மார்க் என்பார் கறுப்பு நிறக் கனிமம் ஒன்றைக் கண்டெடுத்தார். அவர் தந்தை யென்ஸ் எஸ்மார்க், கிறிஸ்தியானியா பல்கலைக் கழகத்தில் கனிமவியல் பேராசிரியர். தந்தைக்கும் அது விளங்காத பொருளாக இருந்தமையால், 1828இல் பெர்சீலியஸுக்கு அனுப்பி வைத்தார். இம்முறை புதிய மூலகம் உண்மையிலேயே அதில் இருந்தது. கைவிட்ட பெயரை பெர்சீலியஸ் மீண்டும் எடுத்து அதற்கே சூட்டி, 1829இல் உலகிற்கு அறிவித்தார். முன்னைய பிழையை மறைக்க விரும்பியிருந்தால் வேறு பெயர் இட்டிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை.

விளக்கொளியும் கடல் மணலும்

அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோரியம் ஆய்வுக்கூடத்துப் பொருளாகவே இருந்தது. அதனை வீட்டிற்குள் கொண்டுவந்தவர் ஆஸ்திரிய நாட்டு ஆவர் வெல்ஸ்பாக். எரிவாயுச் சுடரின்மேல் வலை போன்ற உறையைப் பொருத்தினால் மிகுந்த ஒளி கிடைக்கும் என்பதை 1885இல் அவர் கண்டார். எனினும், முதலில் செய்த உறை பச்சை ஒளி வீசியது, எளிதில் நொறுங்கியது. 1891இல் 99 விழுக்காடு தோரிய ஆக்ஸைடும் 1 விழுக்காடு சீரிய ஆக்ஸைடும் சேர்த்து அக்குறையைப் போக்கினார். தோரிய உப்புக் கரைசலில் தோய்த்த நூல்வலையைக் கொளுத்தினால் நூல் எரிந்துபோகும். ஆக்ஸைடுக் கூடு வலையுருவிலேயே நிற்கும். அக்கூடுதான் சுடரில் வெள்ளொளியாகச் சுடர்விடும்.

இதனால் தோரியத்திற்கு வணிகத்தில் பெருந்தேவை பிறந்தது. மோனசைட் என்னும் மணல்தான் அதன் முதன்மையான மூலப்பொருள். பிரேசில் நாட்டுக் கடற்கரை அதனை வழங்கி வந்தது. 1909இல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் கண்டார். அம்மணலைத் தேடிச் சென்ற வழி மணவாளக்குறிச்சியில் முடிந்தது. 1956இல் சென்னை மாநிலத்தோடு இணைந்த குமரி மாவட்டத்து ஊர் அது. கயிறு திரித்த ஏழை மக்கள் உதறித் தள்ளிய மணல், ஐரோப்பிய நகரத் தெருக்களுக்கு ஒளி தரும் செல்வமாயிற்று.

அணு மாறும் என்னும் உண்மை

1898இல் ஜெர்மனியில் ஷ்மிட் என்பவரும், பாரிசில் கியூரி அம்மையாரும், ஒருவரை ஒருவர் அறியாமலேயே, தோரியம் கதிர்வீசும் உலோகம் என்று கண்டனர். அதற்கு முன் அப்பண்பு யுரேனியத்திடம் மட்டுமே அறியப்பட்டிருந்தது.

கனடாவிலுள்ள மான்றியல் நகரின் மக்கில் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி நடத்திய ரதர்போர்டு, தோரியத்திலிருந்து கதிரியக்கமுள்ள ஒரு வாயு வெளிப்படுவதை உணர்ந்தார். அவ்வாயுவின் ஆற்றல் ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்கொருமுறை பாதியாகக் குறைந்தது. 'அரை ஆயுள்' என்று இன்று மாணவர் படிக்கும் கருத்து இவ்வாய்வில்தான் உருப்பெற்றது.

பின்னர் ஸாடி என்னும் இளைஞர் அவரோடு சேர்ந்தார். இருவரும் தோரியத்திலிருந்து கதிரியக்கம் மிகுந்த ஒரு பகுதியை இரசாயன முறையால் பிரித்து, அதற்குத் 'தோரியம் எக்ஸ்' என்று பெயரிட்டனர். 1901ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்து வந்து பார்த்தபோது வியப்பு காத்திருந்தது. பிரித்தெடுத்த பகுதி தன் ஆற்றலை இழந்திருந்தது. ஆற்றல் குன்றியிருந்த தோரியமோ அதனை மீண்டும் பெற்றிருந்தது. தோரியம் ஓயாமல் வேறொரு மூலகமாக மாறிக்கொண்டிருக்கிறது என்பதே இதற்குப் பொருள்.

மூலகம் மாறாது, அணு அழியாது என்பது அந்நூற்றாண்டு இரசாயனத்தின் அடிப்படை. மாறும் என்றால் ரசவாதம் பேசுகிறான் என்று உலகம் நகைக்கும். இருவரும் அஞ்சாது தம் முடிவை வெளியிட்டனர். இன்று நாம் அறிவது இது: தோரியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியம் முதலிய பல நிலைகளைக் கடந்து, இறுதியில் காரீயமாக அமைகிறது. சித்தர் தேடியதாகச் சொல்லப்படும் மாற்றம் இயற்கையில் நாள்தோறும் நிகழ்கிறது. ஆனால் முடிவில் கிடைப்பது பொன்னன்று, காரீயமே!

மெல்லக் கொல்லும் கதிர்

மூன்றாவது திருத்தம் துயரம் மிக்கது. 1930களிலும் 1940களிலும் எக்ஸ்ரே படத்தில் இரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரியும்பொருட்டு, 'தோரோட்ராஸ்ட்' என்னும் தோரிய ஆக்ஸைடு மருந்தை நோயாளிகளின் உடலில் செலுத்தினர். படம் நன்றாகவே விழுந்தது. மருந்து மட்டும் உடலை விட்டு நீங்கவில்லை. ஈரலில் தங்கிக் கதிர்வீசியது. பல ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பலருக்குப் புற்றுநோயாக வெளிப்பட்டது. மெதுவாகச் சிதையும் பொருள் தீங்கற்றது என்னும் எண்ணம் அங்கே பொய்த்தது.

இக்கேள்வி மலேசியாவிலும் எழுந்தது. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில், அமாங் மணலிலிருந்து அருமண் பொருள்களைப் பிரிக்கும் ஆலை ஒன்று 1982 முதல் இயங்கியது. அதன் தோரியக் கழிவு குறித்து ஊர் மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தனர். 1992இல் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994இல் ஆலை மூடப்பட்டது.

எதிர்கால எரிபொருள்

தோரியம் தானே அணுப்பிளவுக்கு எளிதில் உட்படாது. ஆனால் ஒரு நியூட்ரானை ஏற்றபின், பிளவுறும் யுரேனியம் 233 ஆக மாறும். குமரி, கேரளக் கடற்கரைகளின் மணலை மனத்திற்கொண்டே டாக்டர் ஹோமி பாபா 1950களில் இந்தியாவின் மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தை வகுத்தார். அதன் இறுதிக் கட்டத்திற்கு உரியது தோரியம். யுரேனியம் 233ஐ எரிபொருளாகக் கொண்ட 'காமினி' என்னும் சிற்றுலை 1996இல் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கியது. அதன் ஆற்றல் 30 கிலோவாட்டே. பெருமளவில் மின்சாரம் பெறும் நாள் இன்னும் வரவில்லை.

தோரியத்தை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர் அணு எண்ணோடும் எடையோடும் நிறுத்திவிடலாகாது. 1815க்கும் 1829க்கும் இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளையும் மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும். புகழின் உச்சியில் இருந்த ஓர் அறிஞர், தாம் கண்டது இல்லை என்று தாமே எழுதிய ஆண்டு 1825. தோரியத்தின் உண்மைக் கண்டுபிடிப்புக்கு அடிகோலியது அந்த நேர்மையே.