நம் கூரைத் தகடுகள் ஏன் படுத்திருக்கின்றன?

உயர்நிலை நான்கு மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரையில், “சூரியத் தகட்டைத் தெற்கு நோக்கி 30 பாகை சாய்த்து வைக்க வேண்டும்” என்று ஒரு வரி இருந்தது. நல்ல தமிழ், மதிப்பெண்ணும் போட்டுவிட்டேன். வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. நம் வீவக புளோக்குகளின் கூரையில் எந்தத் தகடு அப்படி நிமிர்ந்து நிற்கிறது? பெரும்பாலும் படுத்த மாதிரிதானே இருக்கின்றன!

அந்த வரிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, மாணவர்களே. 1884இல் நியூயார்க் கூரை ஒன்றில் சார்ல்ஸ் ஃபிரிட்ஸ் செலினியத் தகடுகளை வைத்தார். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கன் மின்கலத்தை அறிமுகப்படுத்தியது. விழுந்த வெயிலில் சுமார் 6 விழுக்காடுதான் மின்சாரமானது. 1979இல் அதிபர் கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் நீர் சூடாக்கும் தகடுகளைப் பொருத்தினார். (1986இல் கழற்றிவிட்டார்கள், அது வேறு கதை.) எல்லாமே வட நாட்டுக் கூரைகள். வாஷிங்டன் 39 பாகை வடக்கே இருக்கிறது. டிசம்பர் நண்பகலில்கூட அங்கே சூரியன் தெற்கு அடிவானத்திலிருந்து 28 பாகைதான் எழும். தகட்டைச் சாய்க்காமல் என்ன செய்வார்கள்? ‘ஊரின் அட்சரேகை எவ்வளவோ, சாய்வும் ஏறக்குறைய அவ்வளவு’ என்ற விதி அங்கே பொருந்தும்.

அதே விதியைச் சிங்கப்பூருக்குப் போட்டுப் பாருங்கள். நாம் இருப்பது 1.3 பாகையில். நண்பகல் சூரியன் ஜூனில் உச்சிக்கு 22 பாகை வடக்கே, டிசம்பரில் 25 பாகை தெற்கே. தெற்கு நோக்கி 30 பாகை சாய்த்த தகட்டுக்கு டிசம்பர் நண்பகலின் நேரடி வெயில் கிட்டத்தட்ட முழுதும் கிடைக்கும். ஜூனிலோ 62 விழுக்காடுதான். படுக்கவைத்தால் இரண்டு மாதங்களிலும் 90க்கு மேல். கொசைன் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம். மேகம் மூடினால் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் வரும், அதற்கும் படுத்த தகடே வசதி.

அப்படியானால் முழுக்கப் படுக்கவைக்கலாமே என்பீர்கள். மழைநீர் தேங்கும், தூசு ஓரத்தில் படியும், பாசி பிடிக்கும். அதனால் சுமார் 10 பாகை சாய்வு, மழையே கழுவிவிடும். அதில் இழக்கும் வெயில் மிகக் குறைவு.

வீவக 2008இல் சிராங்கூன் நார்த்திலும் வெல்லிங்டன் சர்க்கிளிலும் சோதனையைத் தொடங்கியது. 2014இல் சோலார்நோவா திட்டம் வந்தபின் கூரைகள் வேகமாக நிரம்பின.

மாணவரிடம் எதிர்ப் புளோக்கின் கூரையைப் பார்த்துவிட்டு அந்த வரியைத் திருத்தச் சொன்னேன். மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. கவனிக்காமல் ‘சரி’ போட்டது நான்தானே.