வெறுப்பில் தொடங்கிய விசுவாசம்: ஸ்டீம் கடையும் கணினி விளையாட்டாளர்களும் (2003–2024)

கணினி விளையாட்டு ஆடுபவர்களிடம் ஸ்டீமை ‘ஏகபோகம்’ என்று சொல்லிப் பாருங்கள். அதை நடத்தும் வால்வ் நிறுவனம் வாய் திறப்பதற்கு முன்பே வாடிக்கையாளர்கள் மறுப்புடன் வந்து நிற்பார்கள். விற்பவனுக்காக வாங்குபவன் வாதாடுவது வணிக வரலாற்றில் அடிக்கடி காணக்கூடியதல்ல. அதைவிட வியப்பு, 2004இல் இதே ஸ்டீமைத் திட்டித் தீர்த்ததும் இதே கூட்டம்தான் என்பது. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2003 செப்டம்பர் 12 அன்று வெளியானபோது ஸ்டீம் ஒரு கடையாகவே இருக்கவில்லை. வால்வின் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டத்துக்குத் திருத்தப் பதிப்பு வரும்போதெல்லாம் ஒவ்வொருவரும் கோப்பைத் தேடிப்பிடித்து இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. பாதிப் பேர் பழைய பதிப்பிலும் மீதிப் பேர் புதியதிலும் இருக்க, பெரும்பாலோர் சில நாள்களுக்கு ஆட்டத்துக்கு வெளியே நிற்க நேர்ந்தது. போதாக்குறைக்கு ஏமாற்று நிரல்களின் தொல்லை. இவற்றைத் தீர்க்க வந்த கருவிதான் ஸ்டீம். ஆலிவ் பச்சை நிற ஜன்னலும், அடிக்கடி செயலிழந்த நண்பர் பட்டியலுமாக வந்த அதை ஆட்டக்காரர்கள் விரும்பவில்லை. ஆனாலும் அதுவரை ஆட்டம் நடந்துவந்த பழைய வலையமைப்பை 2004 ஜூலையில் வால்வ் மூடிவிட்டதால் வேறு வழி இல்லாமல் போயிற்று.

அதே ஆண்டு நவம்பர் 16 அன்று வால்வின் ஹாஃப்-லைஃப் 2 ஆட்டம் வெளிவந்தது. கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்கிய பெட்டி கையில் இருக்கிறது. வட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு நிறுவியும் ஆகிவிட்டது. ஆனால் இணையத்தில் இணைந்து, ஸ்டீமில் கணக்குத் தொடங்கி, பெட்டியில் அச்சிட்ட குறியீட்டைப் பதிந்த பிறகுதான் பூட்டிய கோப்புகள் திறக்கும். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் பயன்படுத்தியவர்கள் அப்போது ஏராளம். முதல் நாளில் வால்வின் சேவையகங்களும் நெரிசலில் திணறின. சொந்தப் பணத்தில் வாங்கிய ஆட்டத்தை ஆட இன்னொருவர் அனுமதிக்குக் காத்திருக்கும் நிலையைக் கணினி விளையாட்டாளர்கள் பெரிய அளவில் சந்தித்தது அன்றுதான்.

நெரிசல் சில நாளில் தீர்ந்தது. தீராமல் தங்கிவிட்ட மாற்றம் வேறு. ஒரு கணக்கில் பதிந்த குறியீட்டை இன்னொரு கணக்குக்கு மாற்ற முடியாது. ஆடி முடித்த ஆட்டத்தை நண்பனுக்குக் கொடுப்பதும் பாதி விலைக்கு விற்பதும் ஓசையில்லாமல் நின்றுபோயின. ‘ஏகபோகமா, இல்லையா’ என்ற பிந்தைய சண்டையைவிட இதுவே வரலாற்றில் கனமான திருப்பம் என்பது என் கருத்து.

2005 அக்டோபரில் ராக் டால் குங் ஃபூ என்ற சிறிய விளையாட்டுடன் பிறர் தயாரிப்புகளும் ஸ்டீமில் விற்பனைக்கு வந்தன. ஸ்டீம் எடுத்துக்கொண்ட பங்கு 30 விழுக்காடு. பதிப்பாளர், வட்டு அச்சிடுபவர், கடைக்காரர் என எல்லோருக்கும் போக மிஞ்சியதை வாங்கிப் பழகிய சிறு படைப்பாளிகளுக்கு அது பெரிய சலுகையாகவே தெரிந்தது. பிறகு வந்தன கோடைக்கால, ஆண்டிறுதித் தள்ளுபடிகள். ஆட நேரமில்லாதவரும் கால் விலைக்குக் கிடைக்கிறதென்று வாங்கி அடுக்கினார்கள். அடுக்கிய ஒவ்வொன்றும் வெளியேறும் செலவை ஏற்றியது. நூற்றுக்கணக்கான ஆட்டங்கள், சேமித்த நிலைகள், சேர்ந்து ஆடும் நண்பர்கள் எல்லாம் ஒரே கணக்கில். யாரும் கட்டாயப்படுத்தாமலே வேறு கடைக்குப் போவது கடினமாயிற்று. விசுவாசத்தின் வேர் இந்த அலமாரியில்தான் இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்திலும் விளையாட்டுகள் ஓட வால்வ் செய்த உண்மையான நற்பணியும் அதற்கு நீர் ஊற்றியது.

திரும்பக் கொடுத்தால் பணம் கிடைக்கும் என்ற ஏற்பாட்டையும் ஸ்டீமின் பெருந்தன்மையாகப் பலர் சொல்வதுண்டு. அந்த ஏற்பாடு வந்தது 2015 ஜூனில். ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் இதே விஷயத்தில் வால்வ் மீது வழக்குத் தொடுத்தது 2014இல். 2016 டிசம்பரில் அந்நாட்டு நீதிமன்றம் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

2018 டிசம்பரில் எபிக் நிறுவனம் 12 விழுக்காடு பங்கு மட்டும் கேட்டுத் தன் கடையைத் திறந்தது. அதற்குச் சில நாள் முன்னதாக வால்வும் தன் பங்கைக் குறைத்தது: 1 கோடி டாலருக்கு மேற்பட்ட வருவாயில் 25, 5 கோடிக்கு மேல் 20. சிறியவர்களுக்கு அதே 30. இந்தப் பங்கு அதிகம் என்ற படைப்பாளிகளின் குறை நியாயமானது. ஆனால் எபிக், ஆட்டங்களைத் தன்னிடம் மட்டுமே விற்க வைக்கும் ஒப்பந்தங்களைப் போட்டது. மெட்ரோ எக்ஸோடஸ் என்ற ஆட்டம் ஸ்டீமில் முன்பதிவில் இருந்த நிலையில், வெளியீட்டுக்கு மூன்று வாரம் கூட இல்லாதபோது எபிக் பக்கம் போயிற்று. அச்சான பெட்டிகளில் இருந்த ஸ்டீம் சின்னத்தின் மேல் எபிக் ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டது. கோபம் கொண்டவர்கள் அதே வரிசையின் பழைய ஆட்டங்களின் மீது எதிர்மறை மதிப்புரைகளைக் கொட்டினார்கள்.

அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பல பொருள்களைச் சேர்த்து வாங்கும் கூடை கூட எபிக் கடையில் 2021 டிசம்பரில்தான் வந்தது. ஆனால் 2019 ஆகஸ்டில், ஊப்லெட்ஸ் என்ற சாதுவான பண்ணை விளையாட்டை உருவாக்கிய இருவர் எபிக்கில் மட்டும் விற்கப்போவதாக அறிவித்ததும் அவர்களுக்கு வந்த வசைகளையும் மிரட்டல்களையும் எந்த நியாயமும் தாங்காது. கடைத் தேர்வு ‘யார் நம்மவர்’ என்ற அடையாளச் சண்டையாக மாறியது அங்கேதான் அப்பட்டமாகத் தெரிந்தது.

படைப்பாளிகளின் வாதம் நீதிமன்றத்துக்கும் சென்றது. வேறிடத்தில் குறைந்த விலைக்கு விற்கவிடாமல் வால்வ் தடுக்கிறது என்று வுல்ஃபயர் என்ற விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனம் 2021இல் தொடுத்த வழக்கு, 2024 நவம்பரில் குழு வழக்காக ஏற்கப்பட்டது. வால்வ் அக்குற்றச்சாட்டை மறுக்கிறது.

அதற்கு முந்தைய மாதம் ஸ்டீமின் கூடையில், பணம் செலுத்தும் இடத்தை ஒட்டி ஒரு வரி சேர்ந்தது: இந்த வாங்குதல் தருவது அந்தப் பொருளுக்கான உரிமம். டிஜிட்டல் பொருளை உரிமமாக விற்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா இயற்றிய சட்டம் 2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வரவிருந்தது. பயனர் ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை முன்பே இருந்ததுதான். ஹாஃப்-லைஃப் 2 பெட்டியை வாங்கியவருக்கு அப்போது எவரும் வெளிப்படையாகச் சொல்லாத செய்தி, 20 ஆண்டுகள் கழித்துப் பணம் கட்டும் இடத்துக்கு வந்து சேர்ந்தது.